நாலாம் நம்பர் கிரேனுக்குப் புது சீட் கவர்

— எந்திரி மாப்ள. சங்கு ஊதி எவ்வளவு நேரமாச்சு.

— இருங்க மச்சான், இந்த ஒரு பெட்டிய எறக்கிட்டு எந்திரிக்கிறேன்.

— இதே பெட்டியத்தான் நான் ஏணியில கால் வைக்கும்போதும் எறக்கிக்கிட்டு இருந்தே. மேல ஏறி வந்து, வியர்வைய தொடச்சு, மூச்சு வாங்கியும் முடிச்சாச்சு. இன்னும் அது அந்தரத்துலதான் தொங்குது.

— காத்து மச்சான். ஆடுது.

— காத்தா? கப்பல் மேல கொடி நனைஞ்ச துணி மாதிரி கிடக்குது. கண்ணாடித் தரை வழியா எனக்கும் கண்ணு தெரியுது, எறக்கு.

— எறக்கிட்டேன். போதுமா?

— போதும். எந்திரி.

— கொஞ்சம் உக்காருங்க மச்சான். அவ்வளவு உயரம் ஏறி வந்திருக்கீங்க. களைப்பு தீரட்டும்.

— எங்க உக்காரச் சொல்றே? இந்தக் கேபின்ல இருக்கறது ஒரு சீட்டு. அதுல நீ இருக்கே. உன் மடியிலயா உக்கார?

— அந்த டூல்ஸ் டப்பா மேல உக்காருங்க. நான்தான் தொடச்சு வச்சேன்.

— எனக்காக டப்பாவைத் தொடச்சு வச்சியா? மாப்ள, கல்யாணத்தன்னைக்குக்கூட நீ எனக்கு நாற்காலி எடுத்துப் போடல. இன்னிக்கு என்ன புதுசா மரியாதை? சொல்லு பாப்போம்.

— அட போங்க மச்சான். நல்லது பண்ணாலும் குத்தம்.

— நாலு நம்பர்! நாலு நம்பர்! கேக்குதா? அங்க என்ன சம்பந்தமா பேசுறீங்க?

— சொல்லுங்க ஃபோர்மேன். நான்தான் மாப்ள பேசறேன். மச்சான் வந்துட்டாரு, மாத்திக்கிறோம்.

— சம்பந்தம் பேசி பத்து வருஷமாச்சுன்னு சொல்லு அந்த ஆளுகிட்ட. என் தங்கச்சியக் கொடுத்தேன், பதிலுக்கு ஒரு சீட்டு கேக்கறேன், தர மாட்டேங்கறான்னு சொல்லு.

— எல்லாம் கேக்குதுய்யா, நீங்க வாக்கி-டாக்கி பட்டனை அமுக்கிக்கிட்டே பேசறீங்க. அடுத்த லாரி வர்றதுக்குள்ள மாத்தி முடிங்க. மாப்ள, நீ எறங்கினதும் நேரா டாக்டர் ரூமுக்குப் போ. உன்னைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்காரு.

— சரிங்க.

— பட்டனை விட்டுட்டியா? காட்டு. ம். இப்ப சொல்லு. டாக்டர் எதுக்கு உன்னை எதிர்பார்க்கறாரு?

— கீழ் சீட்டுக்குத்தான் மச்சான். ரெண்டு பேரையும் செக் பண்ணித்தானே ஒருத்தரைப் போடுவாங்க. இன்னிக்கு எனக்கு, நாளைக்கு உங்களுக்கு.

— கீழ் சீட்டு. ஏசி ரூமு. முன்னாடி டிவி, கையில லீவர். கீழ இருந்துக்கிட்டே இந்தக் கிரேனை ஓட்டலாம். எந்திரிச்சு நாலு அடி வச்சா கக்கூஸ். யாருக்கு ஆசை இருக்காது?

— உங்களுக்கும்தானே இருக்கு.

— எனக்கும்தான். அதனாலதான் கேக்கறேன். போன வாரம் ஃபோர்மேன்கிட்ட புது சீட் கவர் கேட்டியா?

— யாரு சொன்னது?

— அவரே சொன்னாரு. 'உன் மாப்ளைக்கு என்னய்யா, கார் வாங்கின மாதிரி சீட் கவர் கேக்கறான்'னு. ஏழு வருஷமா இதே கிழிஞ்ச ரெக்சின்லதான் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உக்கார்றோம். பஞ்சு பிதுங்கினப்ப கேக்கல. இப்ப எதுக்குக் கேட்டே?

— சும்மாதான். சூடு தாங்கல. ரெக்சின் ஒட்டுது.

— பொய்.

— நெசமா மச்சான்.

— மாப்ள, நீ பொய் சொன்னா கட்டைவிரல் லீவரைத் தேய்க்கும். இப்பத் தேய்க்குது. கையை எடு. நீ பாத்துட்டே. அதான் விஷயம்.

— எதைப் பாத்தேன்?

— சீட்டுல இருந்த கறையை. கணக்கா புடிச்சேன்ல.

— எந்தக் கறை மச்சான்?

— நடிக்காதே. என் ரத்தம்டா. என் வாயாலயே சொல்ல வைக்கிறியே. மூணு வருஷம் முன்னாடி எனக்கு மூலத்துக்கு வளையம் மாட்டினாங்கள்ல, அது திரும்ப வந்துடுச்சு.

— உங்களுக்கா?

— எனக்குத்தான். வேற யாருக்கு? உனக்குத்தான் ஆயுசுக்கும் கவலை இல்லையே.

— எப்பலேர்ந்து மச்சான்?

— ஒரு மாசமா. ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போயி பேண்ட்டைக் கழட்டினா, பின்னாடி திட்டா இருக்கு. மொதநாள் கிரீஸ்னு நெனச்சேன். மறுநாள் பாத்தா செவப்பு. எல்லா நாளும் இல்ல. மூணு நாள் ஒண்ணும் இருக்காது, நாலாவது நாள் இருக்கும்.

— கக்கூஸ்ல... போகும்போது வருதா?

— அதை யாரு பாத்தா? வளையம் மாட்டின நாள்லேர்ந்து நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் தண்ணி ஊத்தறேன். சிரிக்காதே. ரத்தம்னா எனக்குக் கை கால் ஓடாதுன்னு உனக்குத் தெரியும்.

— நான் சிரிக்கல மச்சான். வலி?

— வலி இல்ல. வளையம் மாட்டறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு? உக்காந்தா முள்ளு மேல உக்காந்த மாதிரி. அது எதுவுமே இல்ல. அதுதான் பயமா இருக்கு. சத்தமில்லாம வந்திருக்கு பாரு. மனசுக்குள்ள சிரிக்கிறியா? 'ரப்பர் பேண்டா மச்சான், கீரைக்கட்டுக்குப் போடற மாதிரியா'ன்னு அன்னிக்கு கேலி பண்ணினே. வீட்டுல எல்லார் முன்னாடியும். ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— 'மச்சான் மலிவா முடிச்சுட்டாரு, மலிவுல பண்ணது மலிவாத்தான் இருக்கும்'னு சொன்னே. நானும் ஒத்துக்கறேன். காலையில போனேன், வளையத்தை மாட்டினாங்க, நானே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அவ்வளவு சுளுவா முடிஞ்சா எத்தனை நாள் தாங்கும்? டாக்டரே சொன்னாரு, 'சில பேருக்குத் திரும்ப வரும், வந்தா மறுபடியும் மாட்டிக்கலாம், பயப்படாதே'ன்னு. அப்பவே எனக்குச் சந்தேகம். திரும்ப வரும்னு தெரிஞ்சே எதுக்குய்யா மாட்டறே?

— ஆனா உங்களுக்கு மூணு வருஷம் வரலையே மச்சான்.

— வரல. ஏன் வரல? நான் தண்ணி குடிச்சேன். வளையத்தை மாட்டிட்டு டாக்டர் என் பாட்டிலைத்தான் காட்டினாரு. 'நான் பண்ணினது பாதி, மீதியை இது பண்ணும்'னாரு. கிரேன்காரன் தண்ணி குடிச்சா என்ன ஆகும்? ஷிப்டுக்கு ரெண்டு தடவை ஏணியில எறங்கணும், ஏறணும். நான் எறங்கினா கப்பல் நிக்கும், லாரி நிக்கும், கீழ எல்லாரும் அண்ணாந்து பாத்துத் திட்டுவாங்க. உன் பெட்டிக் கணக்கு எப்பவும் மேல, என் கணக்கு எப்பவும் கீழ. அந்த வைத்தியத்துக்கு நான் கொடுத்த விலை அதுதான். ஆஸ்பத்திரியில கொடுத்தது ஒண்ணுமே இல்ல.

— தெரியும் மச்சான்.

— தெரியுமா? உன் பாட்டிலைக் கொடு, எனக்குத் தாகமா இருக்கு. என்ன இது? மூடியில சீல்கூட உடையல. இந்த வெயில்ல, கண்ணாடிக் கூண்டுக்குள்ள, காலையிலேர்ந்து சொட்டுத் தண்ணி குடிக்கலையா நீ?

— வாயை நனைச்சுக்குவேன். உங்களுக்குத் தெரியாததா? நாம எல்லாருமே அப்படித்தானே இருந்தோம்.

— இருந்தோம். அதனாலதானே எல்லாருக்கும் மூலம் வந்துச்சு. நீதான் உன் மூலத்துக்குப் பெரிய வைத்தியம் பண்ணிக்கிட்டு வந்தியே, உன் டாக்டர் தண்ணியப் பத்திச் சொல்லலையா?

— சொன்னாரு. ஆனா மிஷின் வச்சு, ரத்தக்குழாய் சத்தத்தைக் கேட்டு, ஒவ்வொண்ணா தேடி முடிச்சுப் போட்டாங்கள்ல. ஆயுசுக்கும் திரும்பாதுன்னு நெனச்சேன்.

— அப்ப என் எடத்தைப் புடிக்கத்தான் தண்ணி குடிக்காம ஓட்டறே. பெட்டிக் கணக்குல மொதல் ஆளா நிக்கணும். அது போதலன்னு சீட் கவரைச் சாக்கு வச்சு ஃபோர்மேனை மேல வரவழைக்கப் பாத்தே. அவரு கறையைப் பாப்பாரு, யாருதுன்னு கேப்பாரு, 'மச்சானுக்கு முன்னாடியே மூலம் உண்டு'ன்னு நீ தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சொல்லுவே. கணக்கு சரியா வருதா?

— அப்படி இல்ல மச்சான்.

— பின்ன எப்படி? சொல்லு பாப்போம்.

— நான்... கறையைப் பாத்தேன். ஆமா. பாத்தேன்.

— பாத்தியா! வந்துச்சு பாரு வாயிலேர்ந்து.

— உங்க மானம் போகக்கூடாதுன்னுதான் கவர் கேட்டேன். யாருகிட்டயும் சொல்லல.

— தங்கச்சிகிட்ட?

— அவகிட்டயும் சொல்லல.

— சத்தியமா?

— கறையைப் பத்தி அவகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல மச்சான். இது மட்டும் சத்தியம்.

— இது மட்டுமா? அப்ப மத்ததெல்லாம்?

— நாலு நம்பர்! லாரி வந்து நிக்குது. யாரு ஓட்டறா இப்ப? மாப்ளயா, மச்சானா?

— ஃபோர்மேன், அஞ்சு நிமிஷம். மச்சானுக்கு ஏறி வந்ததுல நெஞ்சு படபடங்குதாம்.

— யாருக்கு படபடங்குது? கல்லு மாதிரி நிக்கிறேன். குடு அதை. ஃபோர்மேன், எனக்கு ஒண்ணுமில்ல. இவன்தான் சீட்டுல பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டான்.

— சீட்டு மேல ரெண்டு பேருக்கும் அவ்வளவு பாசம் வேண்டாம்யா. கீழ் சீட்டுதான் முடிவாகிடுச்சே. மாப்ள, உன் மச்சான் சொல்லலையா? சரி, அவரே சொல்லட்டும். அஞ்சு நிமிஷம்தான்.

— என்ன முடிவாச்சு மச்சான்?

— ஒண்ணுமில்ல.

— ஃபோர்மேன் என்ன சொல்றாரு? இப்ப உங்க கட்டைவிரல்தான் தேய்க்குது.

— காலையில டாக்டர் ரூமுக்குப் போனேன். 'எனக்குத் திரும்ப ரத்தம் வருது, கீழ் சீட்டுக்கு என்னைப் பாக்காதீங்க, மாப்ளையப் போடுங்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நாளைக்கு எப்படியும் புடிச்சுடுவாங்க. புடிபட்டுத் தலைகுனியறதுக்குப் பதிலா நானே சொல்லிடலாம்னு தோணுச்சு.

— என்னைச் சந்தேகப்பட்டுக்கிட்டே என் பேரைச் சொன்னீங்களா?

— சந்தேகம் வேற, தங்கச்சி வேற. அவ வளையலை வச்சுத்தானே உன் மிஷின் வைத்தியத்தை முடிச்சே. இன்னும் வெறுங்கையாத்தான் வந்து கதவு தொறக்கறா. கீழ் சீட்டுக்குப் போனா சம்பளம் கூடும். மொதல்ல அதை மீட்டுக் கொடு. நீ என் பேரைக் கெடுத்து அந்த எடத்துக்குப் போனியா, நானா விட்டுக் கொடுத்துப் போனியான்னு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சாகணும். அதுக்குத்தான் இவ்வளவு கேள்வி.

— மச்சான்...

— விடு. கறையைப் பாத்தும் வாயைத் தொறக்கலன்னு சொன்னே. நம்பறேன். ஊரெல்லாம் சந்தேகப்பட்டுப் பழகின புத்தி, உன்னையும் இழுத்துடுச்சு. வீட்டுலயும் அதே கூத்துதான். என் பொண்டாட்டி, உங்க அக்கா, என்னைச் சந்தேகப்படறா.

— அக்காவா? எதுக்கு?

— பேண்ட்டைத் துவைக்க எடுத்தா. கறையைப் பாத்தா. கிரீஸுன்னு சொன்னேன். 'கிரீஸு சோப்புல போகுமா'ன்னு கேட்டா. அப்புறம் உள்ள போட்டிருந்ததையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தா. 'இதுல ஒரு பொட்டுகூட இல்ல, மேல மட்டும் எப்படி? எங்க போயி உக்காந்துட்டு வந்தீங்க?'ன்னு ஒரே கேள்வி. எங்க போயி உக்காந்தேனாம்! இந்த வயசுல நான் எங்க போயி உக்காரப் போறேன்?

— அக்கா அப்படியா கேட்டாங்க?

— அதே வார்த்தை. பொம்பளைங்க புத்தி பாரு, ரத்தத்தைப் பாத்தாலும் வேற எங்கயோதான் போகுது. கடைசியில மூலம்னு உண்மையச் சொன்னதுக்கப்புறம்தான் அடங்கினா. பாவம், அழுதா. கழுத்துச் செயினைக் கழட்டிக் கொடுத்துட்டா.

— செயினை எதுக்கு?

— எதுக்கா? வைத்தியத்துக்கு. நாளைக்குக் காலையில முன்பணம் கட்டறேன். நீ பண்ணிக்கிட்ட அதே ஆஸ்பத்திரி, அதே மிஷின். மலிவா முடிச்சது போதும்னு உங்க அக்காவே சொல்லிட்டா. 'தம்பிக்கு எப்படி நல்லாயிடுச்சு, அதையே நீங்களும் பண்ணிக்கங்க'ன்னு.

— வேண்டாம் மச்சான்.

— என்ன வேண்டாம்?

— அந்த வைத்தியம். பண்ணிக்காதீங்க.

— ஏன்? எவ்வளவு வலிச்சாலும் பரவாயில்ல. நீ பத்து நாள் குப்புறப் படுத்துக் கிடந்தே, நான் இருபது நாள் கிடக்கறேன்.

— வலிக்காகச் சொல்லல.

— பின்ன? ஓஹோ. நானும் நல்லாகி வந்துட்டா அடுத்த கீழ் சீட்டுக்குப் போட்டிக்கு வந்துடுவேன்னு பாக்கறியா? இப்பத்தான் உன்னை நம்பினேன். சொல்லி வாயை மூடறதுக்குள்ள மறுபடி சந்தேகப்பட வைக்கிறியே.

— வேணும்னா மொதல்ல அந்த வளையம் மாட்டின டாக்டரையே போயி பாருங்க. உள்ள வந்திருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லட்டும். அவரு காசுகூட அதிகம் வாங்க மாட்டாரு.

— அதான் வந்திருக்கே! பேண்ட்டுல இருக்கே! இதுக்கு மேல ஒரு டாக்டர் வேற சொல்லணுமா? இன்னிக்கு இந்தத் துண்டைக்கூட கையோட கொண்டு வந்திருக்கேன், பாரு. நாலா மடிச்சு சீட்டுல போட்டு உக்காரப் போறேன். எந்திரி, போடறேன்.

— செயினைத் திருப்பிக் கொடுத்துடுங்க மச்சான். கால்ல விழறேன்.

— விழணும்னா எந்திரிக்கணும். அதைத்தானே நானும் வந்ததுலேர்ந்து கேக்கறேன்? மாப்ள, என்னடா இது, கண்ணு கலங்குது?

— நாலு நம்பர்! அஞ்சு நிமிஷம் ஆச்சு. டாக்டர் மறுபடி ஆள் அனுப்பிட்டாரு. மாப்ள, வந்து ஒரு கையெழுத்தைப் போட்டுட்டுப் போ. உன்னைப் படுக்க வச்சுப் பாக்கக்கூட வேண்டாங்கறாரு. உன் வைத்தியந்தான் பெரிய வைத்தியமாச்சே. உன் மச்சான் பேரை அடிச்சுடறோம்.

— ஃபோர்மேன், அடிக்காதீங்க.

— என்னது?

— மச்சான் பேரை அடிக்காதீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவரை நாளைக்குக் கண்டிப்பா செக் பண்ணச் சொல்லுங்க. நல்லா பாக்கச் சொல்லுங்க. என்னையும் இன்னிக்கே பாக்கணும்னு சொல்லுங்க. அப்புறம், மேல ஒரு வாளித் தண்ணியும் பழந்துணியும் அனுப்புங்க. அந்த சீட் கவரும்.

— வெயில்ல மூளை கலங்கிடுச்சாய்யா உனக்கு? சரி, அனுப்பறேன்.

— மாப்ள, என்ன காரியம் பண்றே? நானா விட்டுக் கொடுத்த எடத்தை நீயே எதுக்குத் தட்டி விடறே? தங்கச்சிக்கு என்ன பதில் சொல்லுவே?

— அதான் மச்சான் தெரியல. ஒரு மாசமா அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அந்தத் துண்டைக் கொடுங்க.

— இது நான் சீட்டுல போட்டு உக்காரக் கொண்டு வந்தது.

— உங்களுக்கு அது வேண்டாம். எனக்குத்தான் வேணும், இடுப்புல கட்டிக்க. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க, எந்திரிக்கிறேன்.

— திரும்பிட்டேன். என்னடா இதெல்லாம்?

— அக்கா கேட்டதுக்கு இன்னிக்கு வீட்டுக்குப் போயி பதில் சொல்லிடுங்க மச்சான். மாப்ள எந்திரிச்ச சீட்டுல, அவன் ரத்தம் காயறதுக்குள்ள உக்காந்துட்டு வந்தேன்னு.